இரண்டாம் சிலிண்டரின் வில்லங்கம்

திண்டிவனத்தில் சக்கரபாணி எழுதிய பத்திரத்தில் பிழை கண்டவர்கள் குறைவு. கண்டவர்களோடு அவர் பேசுவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருபத்தெட்டு வருடமாகப் பத்திர எழுத்தர். எந்த நிலத்தைக் காட்டினாலும் முதலில் அதன் பழைய சொந்தக்காரர்களைத்தான் விசாரிப்பார். வில்லங்கம் எதுவானாலும் முன்னால் வைத்திருந்தவனிடமிருந்துதான் வரும் என்பது தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த உண்மை. தன் சர்க்கரை வியாதிக்குக்கூட அப்பாவைத்தான் முன் உரிமையாளராகக் காட்டுவார்.

அதனால், ஆவணியில் வாங்கிய பழைய கார் ஐப்பசியில் உதறத் தொடங்கியபோது குற்றவாளியைத் தேட அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. விற்றவர் விழுப்புரத்துக் குமரேசன்; சக்கரபாணியின் தங்கை தேவகியின் கணவர்.

ரயில்வே கேட்டில் நின்றால் கார் குளிர்காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. மேம்பாலம் ஏறும்போது மல்லாட்டை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது. விற்பதற்கு முன் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் குமரேசன் புதிதாக மாற்றிய பில் காருக்குள்ளேயே இருந்தது. மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. சக்கரபாணிக்கு ஒப்புதல் வாக்குமூலம். நல்ல வண்டி என்றால் எதற்காக மாற்றுகிறான் என்று கேட்டார்.

அன்றே குமரேசனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போனது: ‘மேற்படி வாகனம் தங்களால் பாழ்பட்டது என்பதால், இனி தங்கள் இல்ல விசேஷங்களில் நான் கலந்துகொள்வதற்கில்லை.’

அந்த ‘இனி’யில் முதலாவதாக வந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தேவகியின் மகள் ஆர்த்திக்குக் காது குத்து. பதினோரு வருடம் காத்திருந்து பெற்ற பெண். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் என்று இருப்பது இவர் ஒருவர்தான். தேவகி போனில் அண்ணியிடம் அழுதிருக்கிறாள்.

சக்கரபாணியின் மனைவி பிரபாவதி அழுகிற ஆள் இல்லை.

“கார் ஓடலன்னா பஸ்ஸு ஓடுது. சீர்த்தட்டை நான் எடுத்துக்கினு போறேன். உங்க மடிய எப்படிங்க எடுத்துக்கினு போறது?”

 கடைசியில் சக்கரபாணி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார். மெக்கானிக் பார்க்கட்டும். குறை குமரேசன் காலத்தது என்றால் போகமாட்டார், இல்லையென்றால் போவார். முடிவு என்னவென்று நிச்சயமாகத் தெரிந்ததால்தான் இவ்வளவு தாராளம். சாட்சிக்கு, மாடியில் குடியிருக்கும் என்னைக் கூப்பிட்டார். நான் அதிகம் பேசுவதில்லை என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை மரக்காணம் சாலையில் தேவசகாயத்தின் ஷெட். குமரேசனின் குணநலன்களை ஆதியிலிருந்து சக்கரபாணி சொல்லிக்கொண்டிருக்க, தேவசகாயம் பானட்டுக்குள் தலையைக் கொடுத்தார். பிளக்குக்குத் தீப்பொறி தரும் காயில்கள், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு. இன்ஜின் ஓடும்போதே அவற்றின் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்று, மூன்று, நான்கைக் கழற்றியபோது உதறல் அதிகமானது. இரண்டைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. அது ஏற்கனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பிறகு இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றினார். இப்போது மூன்றாவது சிலிண்டர் படுத்துக்கொண்டது. கெட்டுப்போனது காயில்தான்.

“எழுதிக்கோ,” என்றார் சக்கரபாணி என்னிடம்.

அந்தக் காயில் செருகியிருந்த குழிக்குள் தேவசகாயம் டார்ச் அடித்தார். குனிந்து முகர்ந்தார். எனக்கும் வந்தது அந்த வாசனை: சந்தனமும் பன்னீரும். குழிக்குள் தண்ணீர், அடியில் மஞ்சளாக வண்டல், நடுவில், புத்தம் புது பிளக் துருப்பிடித்து நின்றது.

தேவசகாயம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அடுத்துச் சொல்ல வேண்டியதைத் தான் சொல்வதா என்று யோசித்திருப்பார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“ஐயா, இன்ஜினை கழுவுவீங்களா?”

சக்கரபாணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறியதில்லை என்றார். பானட்டைத் திறந்து, குழாய் வைத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, மேலே பன்னீர் தெளிப்பது வரை வரிசையாகச் சொன்னார். குமரேசன் ஆறு வருடத்தில் ஒரு தடவையாவது இன்ஜினைக் கழுவியிருப்பானா என்று கேட்டார்.

“அதான் ஆறு வருஷம் ஓடியிருக்குது,” என்றார் தேவசகாயம், தரையைப் பார்த்தபடி. “நான் சாமிய சொல்லலீங்க. தண்ணிய சொல்றேன்.”

 சக்கரபாணி கடைசி ஷரத்தை எடுத்தார். காயிலைச் சுற்றி ரப்பர் இருக்கிறதே, அது பழையதுதானே? குமரேசன் காலத்து ரப்பர்தானே?

“ரப்பரு பழசுதான். மழைக்குத் தாங்கும். அபிஷேகத்துக்குத் தாங்காது.”

சக்கரபாணி சாட்சியைப் பார்த்தார். சாட்சி பிளக்கைப் பார்த்தது.

குழியைக் காற்றடித்து உலர்த்தி, புது காயிலும் பிளக்கும் போட்டபிறகு கார் சத்தமில்லாமல் ஓடியது. 

அன்று மாலை அவர் போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பத்திரத்தில் தவறு வந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதுவார்கள். ‘எழுதும்போது ஏற்பட்ட கவனக்குறைவால்’ என்று அதில் ஒரு வரி வரும். யாருடைய கவனக்குறைவு என்று வராது. அந்த வரியை ஊராருக்காக ஆயிரம் தடவை எழுதியவர், இப்போது எழுதி எழுதி அழித்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் போனில் கடைசிவரை ஏறவில்லை. கடைசியில் என்னிடம் நீட்டி, பிழை இருக்கிறதா பார் என்றார்.

‘முன்னர் அனுப்பிய செய்தியில் “தங்களால்” என்று உள்ளதை “என்னால்” என்றும், “கலந்துகொள்வதற்கில்லை” என்பதைக் “கலந்துகொள்வேன்” என்றும் திருத்தி வாசிக்கவும்.’

பிழை இல்லை என்றேன்.

இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: ‘சரி மச்சான். காலைல ஆறுக்குள்ள வந்துடுங்க.’

விழுப்புரத்துக்கு அவர்கள் போனபோது, பிரபாவதியின் போன் வழியாகக் கதை முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் காரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஆர்த்தியைத் தேவகி அண்ணன் மடியில் வைத்தாள். குத்தும் இடத்துக்கு அடையாளம் வைக்க ஆசாரி சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டார். சக்கரபாணிக்குத் தாங்கவில்லை.

“கொஞ்சமா வைங்க, போதும்,” என்றார்.

“காதுதான் மச்சான், காயில் இல்ல,” என்றார் பின்னால் நின்ற குமரேசன்.

தேவகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சக்கரபாணி திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஊசி இறங்கி ஆர்த்தி வீறிட்டாள். அவர் இரண்டு கையாலும் குழந்தையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சொல்ல வந்ததை விட்டுவிட்டார்.