முந்நூறு பிள்ளைகள் பனியில் படுத்த நாள்

எங்கள் அகதி வழக்கு விசாரணைக்கு வர மூன்று கிழமைகள் இருந்தபோதுதான், அம்மா ரொறொன்ரோவில் ஒரு முழுப் பள்ளிக்கூடத்தையும் பனியில் குப்புறப் படுக்க வைத்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் இருந்தோம். வழக்கு முடியும்வரை அரசாங்கத்தின் கண்ணில் படக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. படியில் ஓடக்கூடாது, நூலகப் புத்தகம் ஒருநாள்கூடப் பிந்தக்கூடாது, மீன் பொரித்தால் புகைமணி அடிக்கக்கூடாது. ஒருமுறை அது அடித்தேவிட்டது. அப்பா கதிரையில் ஏறி, மணியைத் தலையணையால் பொத்திக்கொண்டு கால்மணி நேரம் நின்றார். நான் ஒரு பிழை விட்டால் குடும்பத்தையே விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று நானும் நம்பினேன். வகுப்பில் பென்சிலைக்கூடச் சத்தமில்லாமல்தான் சீவுவேன்.

அந்தக் கிழமை எங்கோ தொலைவில் ஒரு நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. தொலைக்காட்சியில் எந்தச் சனலைத் திருப்பினாலும் அதே உடைந்த கட்டடம்தான். அதைப் பார்த்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் தன் கணக்குப் பரீட்சையிலிருந்து தப்ப வழி கிடைத்துவிட்டது. வீதி மூலையிலிருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து, பள்ளிக்கூடத்தில் குண்டு இருக்கிறது என்று பொலிசுக்குச் சொல்லிவிட்டான். இது இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

எங்கள் ஆசிரியை குண்டு என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. கோட்டைப் போடுங்கள், வரிசையில் வாருங்கள் என்று மட்டும் சொன்னார். இந்த நாட்டில் எந்த ஆபத்துக்கும் முதல் மருந்து வரிசைதான். பனி மூடிய மைதானத்தில் வகுப்பு வகுப்பாக நின்றோம். ஆசிரியர்கள் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினார்கள். என் வரிசையில் முதலாவதாக நின்றவள் நான். அரசாங்கமே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாதபடி நிமிர்ந்து நின்றேன்.

அந்த நேரம் பார்த்து, பெருந்தெருவின் வாகன நெரிசலை வானொலிக்குச் சொல்லும் ஹெலிகொப்டர் ஒன்று பொலிஸ் கார்களைக் கண்டு எங்கள் பக்கம் திரும்பியது. மைதானத்துக்கு மேலே தாழப் பதிந்து வட்டமடித்தது. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து கை காட்டினோம்.

பதினோராம் மாடியில் அம்மா பருப்புக் கிண்டிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்த யன்னலால் அவர் கண்டது இவ்வளவுதான்: வெட்டவெளியில் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள், மேலே ஹெலி சுற்றுகிறது. தொலைபேசி மிரட்டல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் ஹெலி மேலிருந்து சுடும்; சத்தம் கேட்டால் சிதறி ஓடிக் குப்புறப் படுக்கவேண்டும். மூன்று வயதில் வந்த எனக்குத்தான் அது தெரியாது, மற்றப்படி அங்கே அது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

அம்மா லிஃப்ற்றுக்குக் காத்திருக்கவில்லை. பதினொரு மாடியையும் படியால் இறங்கி ஓடிவந்தார். வீட்டுச் சட்டைக்கு மேலே அப்பாவின் கோட்டு. ஒரு காலில் அப்பாவின் சப்பாத்து, மற்றக் காலில் தன்னுடைய செருப்பு. கையில் அகப்பை.

"விழுந்து படுங்கோ! கிட்டக்கிட்ட நிக்காதேங்கோ! காதைப் பொத்திக்கொண்டு வாயைத் திறவுங்கோ!"

அவர் யாரோ, நான் யாரோ என்று நான் மறுபக்கம் பார்த்தேன். ஆனால் போன வருடம் ஊரிலிருந்து வந்த பத்துப் பதினைந்து பிள்ளைகள் நின்ற இடத்திலேயே தொப்பென்று விழுந்தார்கள். இரண்டு சோமாலியப் பிள்ளைகளும் விழுந்தார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மற்றவர்கள் இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துக் கூச்சலிட்டபடி விழுந்தார்கள். பாலர் வகுப்பு உருண்டே போனது. அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் எடுத்து "டவுன்! டவுன்!" என்று அகப்பையை வீச, உடற்பயிற்சி ஆசிரியரும் படுத்துவிட்டார். பனியில் வழுக்கி விழுந்ததாகத்தான் அவர் பிறகு சொன்னார்.

கடைசியில் அந்த மைதானத்தில் நிமிர்ந்து நின்ற ஒரே பிள்ளை நான்தான். அம்மா என்னை இழுத்து விழுத்தி, எனக்கு மேலே படுத்துக்கொண்டார். அகப்பையில் ஒட்டியிருந்த பருப்பு என் கழுத்துக்குள் இறங்கியது.

தீயணைப்பு வண்டிகள் வந்து சேர்ந்தது அப்போதுதான். முந்நூறு பிள்ளைகள் பனியில் குப்புறக் கிடப்பதைக் கண்டு, வண்டி நிற்கும் முன்பே குதித்தார்கள். நச்சுப்புகை என்று நினைத்திருப்பார்கள்போல. பின்னால் அம்புலன்ஸ்கள் அலறிக்கொண்டு வந்தன. கிடந்த பிள்ளைகள் கிளுகிளுவென்று சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் அவர்களுக்கு உயிர் வந்தது. எண்ணிக்கொண்டிருந்த ஆசிரியர்கள் கணக்குத் தவறி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

அன்று பின்னேரச் செய்தியில் மைதானத்தை மேலிருந்து காட்டினார்கள். ஆபத்து வேளையில் இந்தப் பள்ளிக்கூடம் காட்டிய ஒழுங்கை மற்றவர்களும் பின்பற்றலாம் என்று செய்தி வாசித்தவர் பாராட்டினார். அப்பா எழுந்துபோய்த் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"உது என்ர கோட்டெல்லோ?"

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "ஒரு மூண்டு கிழமை பொறுக்கேலாமல் போச்சுதோ உனக்கு?"

"பிள்ளையள் வெளியில நிண்டதுகள்," என்றார் அம்மா.

அடுத்த நாள் பள்ளிக்கூட அதிபர் அம்மாவை அழைத்தார். அப்பாவுக்கு வேலை, அதனால் மொழிபெயர்ப்பாளர் நான். அதிபர் ஒரு வரி எழுதிப் போட்டால் வழக்குக் கவிழும், நாங்கள் விமானம் ஏறவேண்டியதுதான். ஆகவே ஒரு முடிவோடுதான் போனேன். அம்மா எதைச் சொன்னாலும் நான் மன்னிப்பாகவே மாற்றிவிடுவேன்.

அதிபர் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த உயரமான மனுஷி. எனக்குப் பழரசப் பெட்டி ஒன்று தந்துவிட்டு, உங்கள் நல்ல மனது எனக்குப் புரிகிறது, ஆனால் இங்கே எங்கள் முறை வேறு என்று மெதுவாகத் தொடங்கினார்.

"ஹெலி சுத்தேக்கை பிள்ளையளை வெளியில நிப்பாட்டிற மனிசிக்கு ஆர் படிப்பிச்சது எண்டு கேள்," என்றார் அம்மா.

அம்மா மிகவும் வருந்துகிறார் என்றேன்.

வருந்தத் தேவையில்லை, இரவில் அவருக்கு நித்திரை வருகிறதா, மனம்விட்டுப் பேச எங்களிடம் ஒரு பெண் இருக்கிறார் என்றார் அதிபர். நீங்கள் சுகமா என்று கேட்கிறார் என்றேன் அம்மாவிடம்.

"எனக்கென்ன? மண்டை பிழைச்சது ஆருக்கெண்டு பார்த்தாத் தெரியேல்லையோ?"

அம்மா சுகமாக இருக்கிறார், நன்றி சொல்கிறார் என்றேன். வேலை சுலபமாகவே போய்க்கொண்டிருந்தது.

பிறகு அதிபர் மேசையில் கைகளைக் கோர்த்துக்கொண்டு, வரிசையில் நிறுத்துவது எண்ணுவதற்காகத்தான், நேற்றும் எண்ணினோம், முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள் என்றார். இதில் மாற்ற ஒன்றுமில்லை என்பதால் அப்படியே சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "ஒராளும் குறையேல்லையோ?"

"இல்லையம்மா. எல்லாரும் இருந்தவையாம்."

"வடிவாக் கேள் பிள்ளை. எண்ணி முடியவும் எல்லாரும் இருந்தவையோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓம், எல்லோரும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு பெரிதாக அழத் தொடங்கினார். அதிபர் மேசையைச் சுற்றி வந்து அவரைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. அழுமளவுக்கு அங்கே என்ன நடந்துவிட்டது? பிறகு, இந்த அழுகை வழக்குக்கு நல்லது என்று தோன்றவே, அழட்டும் என்று விட்டுவிட்டுப் பழரசத்தைக் குடித்து முடித்தேன். வழக்கு வென்றது. அதற்கு என் மொழிபெயர்ப்பும் அம்மாவின் நடிப்பும்தான் காரணம் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா ஊரில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தவர் என்பது எனக்குத் தெரியும். ஹெலி வந்துபோன ஒரு பகலில் அவர் தன் வகுப்பை நான்கு தடவை எண்ணியும் கணக்குக் குறைந்தது என்பது அப்போது தெரியாது.