பாயை அடித்த குருத்தோலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. கேபிள்காரர், தண்ணீர் கேன்காரர், ஷேர் ஆட்டோக்காரர் எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் குருத்தோலை ஞாயிறன்று, பவனியில் பிடித்துப் போன ஓலையாலேயே ஒரு மனிதரை அடித்தவள் எங்கள் கோயில் பங்கில் நான் ஒருத்திதான்.

கோவிலம்பாக்கத்தில் எங்கள் கோயிலுக்குத் திரும்பும் முனையில் ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி, அலுமினியக் கதவு எல்லாம் செய்து தருபவர் ஒரு பாய். போன வருடம் நாங்கள் ஓசன்னா பாடிக்கொண்டு போனபோது அவருடைய வேன் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. ஒருமுறை இல்லை, நான்கு முறை. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போன நான் திரும்பிப் போய், திறந்திருந்த வேன் ஜன்னல் வழியாக ஓலையை வீசினேன். ஈர்க்கு அவர் கன்னத்தில் சிவப்பாகக் கோடு போட்டது. மூக்குக்கண்ணாடி தெறித்து ரோட்டில் விழுந்து உடைந்தது.

கடையிலிருந்து நான்கு வேலையாட்கள் ஓடி வந்தார்கள். எங்கள் இளைஞர்கள் கொடிக் கம்புகளோடு முன்னால் வந்தார்கள். பாய் வேனை விட்டு இறங்கி இரண்டு பக்கமும் கையைக் காட்டினார்.

"யாரும் கை வெக்காதீங்கப்பா. அக்கா ஏதோ கோவத்துல அடிச்சிட்டாங்க. வுடுங்க."

உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு வேனைப் பின்னால் எடுத்தார். எங்கள் பையன்கள் கை தட்டினார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடிக்கும் வரை எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஈஸ்டர் முடிந்த முதல் வகுப்பில் மறு கன்னத்தைக் காட்டும் பாடம். முன் வரிசைப் பெண் கை தூக்கினாள். "டீச்சர், நாம அடிச்சா அவங்கதான் மறு கன்னத்த காட்டணுமா?" குறும்பே இல்லாத கேள்வி. எனக்கு முகம் எரிந்தது. பத்து வருடமாகச் சொல்லிக் கொடுத்ததை ஒரே வீச்சில் அழித்துவிட்டிருந்தேன்.

அப்போதும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த முனையைத் தவிர்த்து நான்கு தெரு சுற்றி பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஓலையைத்தான் தவிர்க்க முடியவில்லை. அதை வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் செருகி வைப்பது எங்கள் வழக்கம். அடுத்த தவக்காலத்துக்கு முன் கோயிலில் திருப்பிக் கொடுத்தால், எரித்து, சாம்பல் புதனன்று எல்லோர் நெற்றியிலும் பூசுவார்கள். தினமும் செபம் சொல்லக் கண்ணை உயர்த்தினால் அந்த ஓலைதான் முதலில் தெரியும்.

இந்த வருடம் தவக்காலத்துக்கு முன்பே கூடிய பவனிக்கான கூட்டத்தில் விஷயம் முற்றியது. கடை வாசலில் டிரம்ஸ் வைத்து ஒரு மணி நேரம் நின்று பாடப் போவதாக இளைஞர்கள் சொன்னார்கள். வேனைக் குறுக்கே நிறுத்துவோம் என்று கடை ஆட்களும் சொல்லியனுப்பியிருந்தார்கள். "அடிதடியில முடியறதுக்கு பவனியே வேணாம். காம்பவுண்டுக்குள்ள சுத்தி வருவோம்" என்றார் ஃபாதர். அத்தனை பேரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் காலை ஓலையை உருவிக்கொண்டு கடைக்குப் போனேன். "பாய், இதாலதான் உங்கள அடிச்சேன். மன்னிச்சிடுங்க."

அவர் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, காய்ந்துபோன ஓலையை வாங்கிக் கையில் நிறுத்துப் பார்த்தார். "இவ்ளோ லேசாவா இருந்துச்சு? அன்னிக்கு செம வெயிட்டா இருந்துச்சேக்கா." பிறகு ஓலையைத் திருப்பிக் கொடுத்து, சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க அடிச்சது ரோட்ல. என் பசங்களும் பாத்தாங்க, உங்க பசங்களும் பாத்தாங்க. சொல்றத ரோட்ல சொல்லுங்க."

எனக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. நியாயம் என்றும் தெரிந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் இளைஞர்களை அழைத்துக்கொண்டு போய், அவருடைய நான்கு வேலையாட்கள் முன்னால், பஸ்ஸும் பைக்கும் போய்க்கொண்டிருந்த ரோட்டோரம் நின்று சத்தமாகச் சொன்னேன். "தப்பு என்னோடது. அவர் அன்னிக்குக் கைய ஓங்கல. நான் ஓங்கினேன்." முடித்ததும் ஒருவரும் கை தட்டவில்லை. கடைப் பையன் ஒருவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டான். டிரம்ஸ் அடிக்கவிருந்தவர்கள் தரையைப் பார்த்தபடி டீ குடித்தார்கள். ஓலையை அன்றே கோயிலில் கொடுத்தேன். சாம்பல் புதனன்று அதன் சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டு, துடைக்காமல் அந்த முனை வழியாகவே நடந்து வந்தேன்.

பவனி ரோட்டிலேயே போகலாம் என்று ஃபாதரும் சம்மதித்தார். குருத்தோலை ஞாயிறு ரம்ஜான் நோன்பு மாதத்தில் வந்தது. நாங்கள் முனைக்கு வந்தபோது பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத பாயும் அவருடைய ஆட்களும் வெயிலில் நின்று வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில்கள் கடை வாசலில் தயாராக இருந்தன.

அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி முரட்டுத்தனமாக ஹாரன் அடித்தது. நான் சட்டென்று திரும்பினேன். என் கை ஓலையை இறுக்கியது. பிள்ளைகள் அத்தனை பேரும் என் கையையே பார்த்தார்கள்.

"அக்கா, அத இப்டி குடுங்க" என்றார் பாய்.

கொடுத்தேன். அவர் லாரிக்கு முன்னால் போய் ஓலையைக் குறுக்கே நீட்டினார். டிரைவர் இன்ஜினை அணைத்தார். பவனி முழுவதும் பாடிக்கொண்டே முனையைத் தாண்டியது. வெறுங்கையோடு கோயிலுக்குள் நுழைந்தவள் நான் மட்டும்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வருடமும் நுழைந்ததில்லை.

இந்த வருடம் எங்கள் வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் ஓலை இல்லை. அது கண்ணாடிக் கடையில், கல்லாவுக்கு மேலே இருக்கிறது. திருப்பிக் கேட்டால் தர மாட்டேன் என்கிறார் பாய். அது அவரிடம் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லதாம்.