தம்பி, வா

அந்த வீட்டில் இரண்டு தம்பிகள். ஒருவன் அக்காவுடன் கூடப் பிறந்தவன். இன்னொருவன் நாய்.

அக்காவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கிற வேலை. சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நட என்று டாக்டர் சொன்னார். நடக்கக் கிளம்பிய முதல் நாளே தெருமுனையில் கிடந்த குட்டி ஒன்று பின்னால் வந்தது. விரட்டினாள், போகவில்லை. அதற்குப் பயந்து ஓடினாள், அதுவும் ஓடிவந்தது. இந்த லட்சணத்தில் ஆரம்பித்ததுதான் அவளுடைய ஓட்டம். தெரு சிரித்தது, தொழிற்சாலையில் எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

கூடப் பிறந்தவன் அப்போது கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போயிருந்தான். வாய்க்குப் பழகிய பேரையே குட்டிக்கு வைத்துவிட்டாள். போனவன் கொஞ்ச நாளில் கை வீசிக்கொண்டு திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தான். அதற்காகக் கொடுத்த பேரைத் திரும்பப் பிடுங்க முடியுமா? "தம்பி, சாப்பிட வா" என்றால் இருவரும் வருவார்கள். "தம்பி, இந்தப் பையக் கொஞ்சம் பிடி, வா" என்றால் நாய் மட்டும் வரும்.

விடிகாலையில் பாலத்தைத் தாண்டி மரக்கிடங்கு வரை அவளும் நாயும் ஓடுவார்கள். அவளுக்கு மூச்சு வாங்கினால் அது நின்று திரும்பிப் பார்க்கும். நாள் முழுக்க எல்லோரும் அவளிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எதுவும் கேட்காமல் கூட வந்தது அது ஒன்றுதான். அந்த ஓட்டத்துக்காகத்தான் அவள் தினமும் கண் விழித்தாள்.

அன்றைக்கு மரக்கிடங்குக்கு எதிரே ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. தம்பி சாலைக்கு அந்தப் பக்கம் எதையோ மோந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து முடிச்சுப் போட்டபடி, தலை நிமிராமல், "தம்பி, வா" என்றாள்.

வந்தது. சிமெண்ட் லாரியும் வந்தது.

லாரி நிற்கவில்லை. அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். பாலத்திலேயே உயிர் போய்விட்டது. போனது தெரிந்த பிறகும் ஓடினாள்.

கூடப் பிறந்தவன் கதவைத் திறந்து பார்த்து, "குப்பை வண்டிக்காரன்ட்ட சொல்லு, எடுத்துட்டுப் போவான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். கொல்லைப்புறத்தில் அவளே குழி தோண்டினாள். தோண்டி முடித்துச் சூப்பர்வைசருக்குப் போன் பண்ணினாள்.

"சார், தம்பி போயிட்டான். லாரி அடிச்சிருச்சு. என்னால இன்னிக்கு வர முடியாது." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

சிடுமூஞ்சி என்று பேரெடுத்த அந்த மனிதர், "ஐயோ, நீங்க வராதீங்கம்மா. எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்றார். இந்த ஆளுக்குள்ளும் ஈரம் இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாலையில் ஷிப்ட் முடிந்து பொத்தான் பிரிவே திரண்டு வந்தது. சூப்பர்வைசர் கையில் பெரிய மலர்வளையம். கதவைத் திறந்தவன் தம்பி. பனியனோடு, வாயில் பிஸ்கட்டோடு நின்றான்.

"நீங்க யாருங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"நான் தம்பி."

பின்னால் ஒருத்தி வீல் என்று கத்தினாள். விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் ஒருத்தருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. அக்கா வீங்கிய கண்ணோடு நடுவில் நின்றாள்.

"நாய்க்கா இந்த அழுகை? நான் வழியெல்லாம் அழுதுட்டு வந்தேனே" என்றாள் பக்கத்து மிஷின்காரி.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "காலையில வேலைக்கு வந்துடுங்க" என்றார். யாரோ மலர்வளையத்தைத் தம்பிக்காரன் கையில் திணித்து, "வாங்கினது வீணாப் போகக்கூடாது, வச்சுக்கப்பா" என்றார்கள். படியிறங்கும் வரை சிரிப்பு கேட்டது.

தம்பிக்காரன் மலர்வளையத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவர்கள் தனக்காக வந்தவர்கள் என்பது மெதுவாகத்தான் அவனுக்கு உறைத்தது. தான் செத்துப்போனால் எப்படி இருக்கும் என்று உயிரோடிருக்கும்போதே பார்த்துவிட்டான்.

"அக்கா, அந்த லாரியில நான் அடிபட்டிருந்தா இப்படி அழுதிருப்பியா?"

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெம்பில்லை.

"நீ எப்படி அடிபடுவே? நான் கூப்பிட்டா நீ வந்திருக்கவே மாட்டியே" என்றாள். "வந்தவன்தான் செத்துட்டான்."