காருக்குள் சூடு கேட்டு ஜெபித்தேன்

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஒன்றரை வருடமாக அசையாமல் கிடந்த எங்கள் குடும்ப இணைவு விண்ணப்பத்துக்கு மார்கழியில் அனுமதி வந்தது. என் கணவரும் நான்கு வயது மகளும் தை மாதக் கடைசி ஞாயிறு மாலை டென்மார்க்கின் வைலே ரயில் நிலையத்தில் வந்து இறங்குவதாக ஏற்பாடு.
2. அந்நேரத்தில் அங்கிருந்து கிரின்ஸ்டெட்டில் உள்ள என் வீட்டுக்கு பஸ் இல்லை. ஒரு பழைய கார் வாங்கினேன்.
3. காரில் ஒரு ரப்பர் குழாயை நானே மாற்றினேன். பிறகு, மட்டக்களப்பில் செய்வதுபோல உறையாமல் காக்கும் திரவம் கலக்காமல் ரேடியேற்றரை வெறும் குழாய்த் தண்ணீரால் நிரப்பினேன்.
4. தையில் கடுங்குளிர். தண்ணீர் உறைந்து ஹீட்டரைப் பிளந்துவிட்டது.
5. கராஜ்காரர் கேட்ட தொகை, நான் காருக்குக் கொடுத்ததைவிட அதிகம். என்னிடம் அதில் கால்வாசிகூட இல்லை.

ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் வழியை அடைத்தால் கார் ஓடும். ஆனால் முன்கண்ணாடியில் உள்பக்கமே பனி கட்டும். மகளுக்குப் பிறந்ததிலிருந்து நெஞ்சுச்சளி. அவள் குளிர்நாட்டையே கண்டதில்லை. இரண்டு வருடம் பிரிந்திருந்து, பிள்ளையை இப்படியா கூட்டிவருவது? அன்று குளியலறையில் நின்று அழுதேன்.

சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில், "கார் பழுது, பணத்துக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொன்னேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவள் செய்த பிழையைச் சொல்ல வெட்கம். ஆனால் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜெயம் அக்கா விடவில்லை.

"என்ன பழுது? வடிவாச் சொல்லடி. கடவுளுக்கும் விபரம் வேணுமெல்லே."

சொன்னேன்.

"பச்சைத் தண்ணியோ! டிப்ளோமாக்காரி, இது மட்டக்களப்பெண்டு நினைச்சியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் அக்கா கேட்டார்: "சரி, அந்தச் சாமானுக்கு எவ்வளவு? பூட்டுற கூலி எவ்வளவு?"

எதற்கும் பட்டியல் போடுகிற நான் கராஜில் அதைப் பிரித்துக் கேட்டிருக்கவில்லை. அன்று ஒன்றையும் மறைக்காமல் ஜெபித்தேன். ஆண்டவரே, பிழை என்னுடையது. என் பிள்ளைக்குச் சூடு வேண்டும், வழி காட்டும் என்று கேட்டேன்.

திங்கட்கிழமை கராஜுக்குப் போனேன். சாமான் விலை என் கைக்கு எட்டியது. மிச்சமெல்லாம் டாஷ்போர்ட் என்ற முன்பலகை முழுவதையும் கழற்றிப் பூட்டும் கூலி. "நானே கழற்றினால்?" என்று கேட்டேன்.

"இந்தக் குளிரில் வெளியிலா? விரல் விறைத்துவிடும். என்ன அவசரம்?"

மகள் வருகிறாள் என்றேன்.

"உங்கள் நாட்டுக் குடும்பங்கள் அனுமதிக்குக் காத்திருப்பதைப் பத்திரிகையில் வாசித்தேன். சனிக்கிழமை கராஜ் மூடியிருக்கும், ஆனால் உள்ளே சூடு இருக்கும். வந்து செய். என் திருகுச் சாவிகளை எடுத்த இடத்தில் வை."

அப்படி உதவும்படி நான் அவரிடம் கேட்கவில்லை. அவர் தானாகச் சொன்னார். அதைத்தான் கர்த்தர் தந்த பதில் என்கிறேன்.

சனிக்கிழமை ஜெயம் அக்கா டோர்ச் பிடித்தார். கழற்றிய திருகாணிகளை இலக்கமிட்டு முட்டைப் பெட்டிகளில் வைத்தேன். பத்து மணித்தியால வேலை. முடிவில் இரண்டு ஆணி மிஞ்சியது.

"நல்லது, கார் பாரம் குறைஞ்சிட்டுது," என்றார் அக்கா.

இயந்திரத்தை ஓடவிட்டோம். சூடான காற்று வந்தது. இருவரும் முழங்காலில் நின்று நன்றி சொன்னோம்.

ஞாயிறு மாலை வைலேயில், இரண்டு வயதில் என்னைப் பிரிந்த மகள் என்னை "அன்ரி" என்றாள். வழியில் குல்லாவையும் காலுறையையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு தகப்பன் மடியில் தூங்கினாள்.

சகோதரிகளே, பாதியை மறைத்து ஜெபிக்காதீர்கள். வெட்கமானதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் சிரிக்கிறவர்களைக் கொண்டும் உதவி அனுப்புவார்.

இப்போது சித்திரை. கணவர் டேனிஷ் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். மகளுக்கு இந்தக் குளிர்காலத்தில் ஒருமுறைதான் சளி பிடித்தது. போன கிழமையிலிருந்து என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள்.