ரெண்டு தட்டு தட்டுங்க, நின்னுடும்

முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. படகுப் பட்டறை முதலாளி எனக்கு வைத்திருந்த கூலி பாக்கி. ஐந்து மாதத்துக்கு. இந்தத் தொகையில் ஒரு காசு கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இனி சொல்லப்போவதும் அப்படியே நடந்ததுதான். நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவன். ஒரு பக்கம் முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு பாடுபட்டு ஒரு பொய்யை எழுத எனக்கென்ன வேண்டுதலா?

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்கு வந்தது மத்தியானம் இரண்டே கால் மணிக்கு. மண்டையைப் பிளக்கிற வெயில்.

பட்டறையின் கோடியில், முட்டுக்கட்டைகள் மேல் ஒரு பாய்மரப் படகு ஏறி நின்றது. நாற்பத்திரண்டு அடி. பழசுதான், ஆனாலும் பார்வைக்கு ராஜா வீட்டுக் குதிரை. மூன்று வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பாதி விலை என்றும் யாரும் எடுக்கவில்லை.

அதைப் பார்க்க ஒரு ஜோடி வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பல் டாக்டரும் அவர் மனைவியும். இருபத்தெட்டு அடிப் படகில் பத்து வருஷம் கரையோரமாகவே சுற்றியவர்கள். இனி மாதக்கணக்கில் கடலிலேயே இருக்க ஆசை. அதற்குப் பெரிய படகாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டைப் பார்த்துக் கழித்துவிட்டார்களாம். ஒன்றில் இன்ஜின் கிழடு, இன்னொன்றில் தண்ணீர்த் தொட்டி சின்னது.

"சின்னப் படகுல இவரு குறட்டை விட்டா பாய்மரமே ஆடுதுண்ணே," என்றார் அந்த அம்மா. "எனக்கு நிமிர்ந்து நின்னு சமைக்கணும். முழங்கால் வலிக்காத படி வேணும். கதவு வெச்ச படுக்கையறை வேணும்."

"கதவு எதுக்குத் தெரியுமா? என்னை வெளிய தள்ளிச் சாத்தத்தான்," என்றார் டாக்டர்.

படகு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. மறுநாள் வந்து முடிவு சொல்வதாகப் போனார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குள்ள அடிப்பாகத்தத் தட்டிப் பாத்து வை. இது வித்தா உன் பாக்கி மொத்தமும் கைக்கு வரும். விக்கலைன்னா என்னைத் தலைகீழாத் தொங்கவிட்டாலும் காசு உதிராது."

மாதக் கடைசிக்குள் வாடகை வராவிட்டால் சாமான்களைத் தெருவில் வைப்பேன் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அதற்கு ஆறு நாள்தான் இருந்தது.

தட்டிப் பார்ப்பது ஒரு வேலை. சின்னச் சுத்தியலால் ஃபைபரை அங்குலம் அங்குலமாகத் தட்டுவோம். நல்ல இடம் 'ணங்' என்னும். ஈரம் கோத்த இடம் 'தொப்' என்னும். அங்கே சாக்குக்கட்டியால் வட்டம் போட வேண்டும். அன்று ஏணியை வேறு படகுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மேல்தளமோ இரண்டு ஆள் உயரம். ஏணி இல்லாமல் பூனைகூட ஏற முடியாது.

2.15. பின்பக்கம். வலது புறம். என் நெஞ்சு உயரம்.

ணங். ணங். தொப்.

வட்டம் போட்டேன்.

டொக்.

உள்ளேயிருந்து வந்தது. எதிரொலி என்று நினைத்தேன். இரண்டு தட்டினேன். உள்ளே இரண்டு. மூன்று தட்டினேன். உள்ளே மூன்று. நான்காவது முறை சுத்தியலை ஓங்கினேன்... தட்டவில்லை.

டொக். டொக். டொக். டொக்.

யாரோ ஏறி மாட்டிக்கொண்டார்கள் போல என்று ஓடிப்போய் ஏணியைத் தூக்கி வந்தேன். மேலே மூடியில் பூட்டு தொங்கியது. சாவி என் இடுப்பில். திறந்து இறங்கினேன். கைக்கடிகாரத்தில் 2.25.

தரையில் மூன்று வருஷத் தூசி. அன்று காலை அந்த ஜோடியோடு நாங்கள் நடந்த தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. பின்னறைக் கதவு அகலத் திறந்திருந்தது. இருவர் படுக்கை. ஆள் இல்லை. படுக்கையை ஒட்டிய பலகையில், படுத்திருப்பவர் கை எட்டும் இடத்தில், ஒரு குழி. பூச்சி அரித்ததல்ல. பழைய படிக்கட்டு நடுவில் தேயுமே, அப்படித் தேய்ந்திருந்தது. வழவழவென்று.

ணங்.

வெளியே.

என் சுத்தியல். கீழே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ணங்... ணங்...

'யாரு?' என்று கேட்கத் தோன்றவில்லை. கதவு திறந்திருந்தது. மூடி திறந்திருந்தது. வானம் தெரிந்தது. வெளியே போகத் தோன்றவில்லை.

பதில் தட்ட வேண்டும்.

அது மட்டும்.

கை மடங்கியது...

உயர்ந்தது...

பட்டறைச் சங்கு ஊதியது.

சங்கு ஊதுவது ஐந்து மணிக்கு.

நான் படுக்கையில் படுத்திருந்தேன். எப்போது படுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்படி இறங்கி வந்தேன் என்பதும் நினைவில்லை. சுத்தியல் நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் 'என்ன சத்தம்' என்று கேட்கவில்லை.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்க."

"காசு வேணும்னா வாயத் தைச்சுக்க. அந்த வட்டத்தையும் அழிச்சுடு."

அழித்தேன்.

மறுநாள் காலை 10.40. டாக்டர் முன்னால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிக் காட்டினேன். அந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னால் கையை நிறுத்தினேன். டாக்டர் சுத்தியலை வாங்கி, விளையாட்டாக அங்கேயே ஒன்று போட்டார்.

டொக். டொக்.

"பாத்தியா, உள்ள போயி விளையாடறா," என்று சிரித்தார்.

"யாரு விளையாடறா?"

அந்த அம்மா எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில். ஆபீஸிலிருந்து அப்போதுதான் வருகிறார்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. தூரத்தில் ஆபீஸ் வாசலில் முதலாளி இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே அது?" என்றார் அம்மா. "உங்க முதலாளி பேச்சை நான் நம்பல. கூலிக்கே பாக்கி வெக்கிற ஆளுன்னு பெயின்ட் அடிக்கிறவர் சொன்னாரு. நீங்க சொல்லுங்க. நல்லாருக்குன்னா வாங்கறோம், இல்லைன்னா இப்பவே கிளம்பறோம்."

வாயைத் திறந்தேன். தெருவில் கிடக்கிற என் பாயும் பானையும் கண்ணில் வந்தன.

"தண்ணித் தொட்டிக் குழாயில காத்து அடைச்சிருக்கும்மா. பழைய படகுல சகஜம். சத்தம் வந்தா உள்ள போயி ரெண்டு தட்டு தட்டுங்க, நின்னுடும்."

தொட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. காலி செய்து துடைத்தவனே நான்தான்.

"அவ்வளவுதானா!" என்றார் டாக்டர். "நானும் நாப்பது வருஷமா பல்லைத் தட்டித்தானே சம்பாதிச்சேன்."

அம்மா என் தோளைத் தொட்டு, "நல்லாருங்கண்ணே," என்றார்.

அன்றே விலை முடிந்தது. சாயங்காலம் முதலாளி என் பாக்கியை முழுசாகக் கொடுத்தார். சூரியன் மேற்கே உதித்த மாதிரி இருந்தது. வாடகையைக் கட்டினேன். அடுத்த வாரம் படகு கடலுக்குப் போனது.

நாற்பத்தோராம் நாள், துறைமுக அதிகாரி ஒருவர் அந்தப் படகின் பழைய ரசீதுகளைக் கேட்டு வந்தார். நான் ஆபீஸ் வாசலில் பெயின்ட் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஆளில்லாத மாதிரி மிதந்துச்சு. ஏறிப் பாத்தோம்," என்றார். "சாப்பாடு ஒரு மாசத்துக்கு இருக்கு. தண்ணி நானூறு லிட்டர் இருக்கு. ரெண்டு பேரும் பின்னறைப் படுக்கையில. தாகத்துல செத்திருக்காங்க."

"கதவு ஜாமாயிருக்கும்," என்றார் முதலாளி.

"திறந்து கிடந்துச்சு. மேல மூடியும்தான்." அவர் தன் கையை மடக்கிக் காட்டினார். "ரெண்டு பேருக்கும் விரல் முட்டியில தோலே இல்ல. எலும்பு தெரிஞ்சுது. முன்னாடி இந்தப் படகை வெச்சிருந்தவரையும் நான்தான் தூக்கினேன். அதே படுக்கை. அதே கை."

அவர் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார்.

"நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போடறே? உனக்குச் சேர வேண்டியது சேந்தாச்சு. அதுவும் என் காசா? விலையில பிடிக்காம அந்தம்மா தனியா எண்ணி வெச்சுது. 'உண்மையச் சொல்ற மனுஷன், அவரு பாக்கி எங்க செலவு'ன்னு."

பேரேட்டைத் திறந்து காட்டினார். முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது. குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்தில், அந்த அம்மாவின் கையெழுத்தில், 'தீர்ந்தது.'

அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.