திருப்பிப் போட்ட ஒன்பது

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாற்பத்து நான்கு வருடமாக அவள் பார்த்தது ஒரே வேலை: துணிக்கு நம்பர் போடுவது. எந்தப் படுக்கை விரிப்பு எந்த வார்டுக்குத் திரும்ப வேண்டும் என்று, கொதிக்கிற தண்ணீருக்கும் அசையாத கறுப்பு மையால் ஓரத்தில் எழுதுவாள். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் நம்பர் அக்கா. எழுத்து முத்து முத்தாக இருக்கும், ஒன்பதைத் தவிர. அதன் வாலை மட்டும் சின்ன வயதிலிருந்தே மறுபக்கமாக இழுத்துவிடுவாள். டீச்சர் விரல் முட்டியில் அடித்துப் பார்த்தார், மேற்பார்வையாளர் மெமோ கொடுத்துப் பார்த்தார். ம்ஹூம், தலைகீழாக நின்றும் பயனில்லை. கடைசியில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், கோணலாக இருந்தால் ஒன்பதாவது வார்டு என்று அவரே சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

அவளுக்கு ஒரே தம்பி, ஏழு வயது இளையவன். வெளியே பெரிய நாடகாசிரியர், சால்வையும் மேடையுமாகத் திரிகிறவர். வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாது. அவனைத் தூக்கிவிட்டது 'அலமாரி மாமா' என்ற நாடகம். துணி அலமாரிக்குள் குடியிருக்கும் ஒரு மாமா, பூச்சி உருண்டைக்குப் பயப்படுவார், பஸ்ஸில் சட்டைப் பொத்தானை டிக்கெட்டுக்குக் கொடுப்பார், அவர் மனைவி கோபித்துக்கொண்டு பக்கத்து அலமாரிக்குப் போய்விடுவாள். இருநூறு தடவை மேடையேறியது. சனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதைப் பற்றித்தான் ஒரு பெண் ஆவணப்படம் எடுக்க வந்தாள். ஒரு கலைஞனின் பால்யக் கற்பனை எப்படிக் கலையாகிறது என்பது விஷயமாம். மூன்று நாள் தம்பி வீட்டுக் கூடம் முழுக்க ஒயர். தம்பி கன்னத்தில் கை வைத்து, ஜன்னலைப் பார்த்து, ஆறு வயதில் தான் அந்த மாமாவைக் கற்பனை செய்ததைச் சொன்னான். அவருக்குக் கடிதம் எழுதி அலமாரியில் வைப்பானாம், பதிலையும் தானே எழுதிக்கொள்வானாம். உதவிக்கு வந்து டீ போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

பின்னே என்ன? மாமாவைப் பெற்றவளே அவள்தான். பதிமூன்று வயதில் சர்க்கரை டப்பாவில் கையை விட்டவள் தம்பியிடம் கையும் களவுமாக மாட்டினாள். அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றான். சுற்றுமுற்றும் பார்த்தாள், அலமாரி கண்ணில் பட்டது. உள்ளே ஒரு மாமா இருக்கிறார், அவருக்குத்தான் எடுத்தேன் என்றாள். அந்த மகத்தான கலைக்கு ஊற்றுக்கண் திருட்டுதான். மண்டு உடனே மாமாவுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டான். பதில் போடாவிட்டால் குட்டு உடைந்துவிடுமே! இரண்டு வருடம் போட்டாள். பொத்தான் டிக்கெட், பூச்சி உருண்டை, ஓடிப்போன மனைவி எல்லாம் அவள் அளந்துவிட்டவை.

நாடகம் வந்தபோது அவனே சொல்லுவான் என்று பொறுத்தாள். பிறகு பரிசு வந்தது, அப்போது சொல்லுவான் என்றிருந்தாள். ஒரு பேச்சுக்குக்கூட அவன் வாயில் அக்கா என்ற சொல் வரவில்லை. படத்தில் வேறு ஏறிவிட்டால் அப்புறம் கல்வெட்டுதான், அழிக்க முடியாது. அவளுக்குப் பரிசும் வேண்டாம், சால்வையும் வேண்டாம். இது அவள் சொன்ன கதை என்று யாராவது ஒரு தடவை சொன்னால் போதும். அதற்குப் பதிலாக, சின்ன வயதிலேயே அவனுக்குக் கற்பனை அதிகம் என்று கேமரா முன்னால் சொல்லச் சொன்னார்கள். நான்காவது தடவை எடுக்கும்போது, எதைச் சொன்னாலும் நம்புகிற கற்பனை அவனுக்கு அதிகம் என்றாள். அந்தத் துண்டை வெட்டிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வாடகைக்கு எடுத்த தியேட்டரில் படம் போட்டார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் மூன்றாவது வரிசையை அடைத்துக்கொண்டார்கள். பாதிப் படத்தில், தம்பி பத்திரமாக வைத்திருந்த ஒரு பதில் கடிதம் திரை முழுக்க வந்தது. 'இன்று 9 கரண்டி சர்க்கரை தின்றேன். உன் அக்கா பாவம், அவளைச் சொல்லாதே.' இந்தப் பிஞ்சு விரல்களின் கற்பனையில், என்று பின்னணிக் குரல் குழைந்தது. ஒன்பதின் வால் மறுபக்கம் கிடந்தது.

"அடியே, இது நம்ம நம்பர் அக்கா போட்ட ஒன்பதுடீ!" என்றது மூன்றாவது வரிசை.

பன்னிரண்டு பேரும் ஒரே சிரிப்பு. ஒன்பதாவது வார்டு என்று ஒருத்தி சத்தமாக விளக்கமும் கொடுத்தாள். சிரிப்பு பின் வரிசை வரை போய்விட்டது. படம் முடிந்து விளக்கு போட்டதும், படமெடுத்த பெண் ஓடி வந்து மைக்கை அக்காவின் கையில் கொடுத்து, நீங்களா எழுதினீர்கள் என்று கேட்டாள். தம்பி முகத்தில் ஈயாடவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் மானம் பிழைத்துவிடும்.

"ஆமா, நான்தான் எழுதினேன். சர்க்கரையைத் தின்னதும் நான்தான்."

தியேட்டரே கைதட்டியது. பொய் சொல்வானேன், அவளுக்குக் குளுகுளுவென்றிருந்தது. திரும்பிப் பார்த்தால் தம்பி நாற்காலியில் இல்லை.

பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றிருந்தான். சண்டைக்கு வந்தால் இத்தனை வருடத்தையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவது என்று வரிந்துகட்டிக்கொண்டு போனாள். மானத்தை வாங்கிவிட்டேன் என்று கோபமா என்று கேட்டாள். அவன் தலையாட்டி மறுத்தான்.

"பதில் நான் எழுதலைன்னு எனக்குத் தெரியாதாக்கா? அம்பத்திரண்டு வயசுல, அலமாரிக்குள்ள நெஜமாவே ஒருத்தர் இருந்தார்னு கேமரா முன்னாடி சொல்ல முடியுமா?"

யார் எழுதியது என்று ஒருநாளும் அவளிடம் கேட்காததற்கும் அதுதான் காரணமாம். கேட்டால் மாமா இல்லாமல் போய்விடுவார் என்று பயமாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்குள் அவன் அடுத்ததைக் கேட்டான்.

"அப்புறம் ஏன் நிறுத்தின? எட்டு வயசுல அஞ்சு கடிதம் வச்சேன். நான் என்ன தப்பு பண்ணினேன்னு கேட்டு. ஒண்ணுக்கும் பதில் இல்ல. என் நாடகம் ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர் சொல்லாம கொள்ளாம போயிடறார், பாத்திருப்பியே. ஏன் போறார்னு எனக்கே தெரியாதுக்கா."

அந்த ஐந்து கடிதங்களை அவள் பார்க்கவே இல்லை. அந்த வருடம்தான் அப்பா படுத்த படுக்கையானார், அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். சலவைக்கூடத்துச் சோடாத் தூளில் தோலுரிந்த கையோடு வீட்டுக்கு வந்து, தட்டின் மேலேயே தூங்கி விழுவாள். அலமாரியை யார் திறந்தது?

அவன் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ ஒரு தப்பும் பண்ணலடா," என்றாள். "பதினஞ்சு வயசுல மாமாவை வேலைக்கு அனுப்பிட்டாங்க."