படத்தை நிறுத்திய பிறகும் இருந்த அமைதி

புதுச்சத்திரம் பக்கம் எங்கள் கோழிப்பண்ணையில் பெரிய பெரிய விசிறிகள் இரவும் பகலும் ஓடும். நாலு பக்கமும் அடைத்த ஷெட். விசிறிதான் கோழிகளுக்கு மூச்சு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காவிட்டால் சித்திரை வெயிலில் கொஞ்ச நேரத்தில் மொத்தமும் போய்விடும். அந்த இரைச்சல் எங்கள் காதில் விழுவதேயில்லை. ஆனால் நின்றால் தூக்கத்திலும் எழுந்துவிடுவேன் என்று பெருமையடித்துக்கொள்வேன்.

போன சித்திரையில் ஒரு ஞாயிறு மதியம், கல்லூரியில் படிக்கும் மகளைப் பிடித்து உட்காரவைத்து ஒரு பழைய விண்வெளிப் படத்தைப் போட்டேன். என் இளவயதில் சேலத்துத் தியேட்டரில் ஒருத்தர்கூட எழுந்து போகாமல் பார்த்த படம். அவளோ எதையும் ரிமோட்டில் ஓட்டி ஓட்டித்தான் பார்ப்பாள். இதை ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

படத்தில் ஒருவர் இருண்ட கலத்துக்குள் நடந்துகொண்டே இருந்தார். வசனம் இல்லை, இசை இல்லை. கவச உடைக்குள் அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும்.

"ஏனுங்கப்பா, இவரு எப்பத்தான் போய்ச் சேருவாரு? ஒண்ணுமே நடக்கலீங்களே."

"பொறு சாமி. அந்த அமைதியக் கேளு. பயமா இல்ல?"

எனக்கு முதுகு சில்லிட்டது. இத்தனை வருடம் கழித்தும் என்னமாய் மிரட்டுகிறது என்று சிலாகித்துக்கொண்டேன்.

அவள் பொறுக்கமாட்டாமல் படத்தை நிறுத்தினாள். மூச்சுச் சத்தம் நின்றது. அமைதி மட்டும் அப்படியே இருந்தது.

"அப்பா, ஷெட்டுல ஃபேன் ஓடலீங்க."

டிவி இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கரண்ட் எப்போது போனதென்றே தெரியவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். என் மூச்சு மட்டும் என் காதில் கேட்டது. ஷெட் அவ்வளவு தூரத்தில் என்றைக்கும் இருந்ததில்லை. தானாக எடுக்காமல் கிடந்த ஜெனரேட்டரைக் கையால் போடப் பார்த்தேன், எடுக்கவில்லை. மகள் ஓடிப்போய்க் கதவுகளையெல்லாம் திறந்துவிட்டாள். மூன்றாம் தடவையில்தான் எடுத்தது.

உள்ளே கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒரு கொக்கரிப்பு இல்லை. நேரம் போகப் போக முன்வரிசைகளில் மெல்லச் சத்தம் வந்தது. கடைசி வரிசைகளிலிருந்து வரவேயில்லை.

அந்தப் படத்தை மகள் பிறகு தனியாக, ஓட்டாமல் முழுக்கப் பார்த்தாள். நல்லா இருக்குதுங்கப்பா என்றாள். நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. இப்போதெல்லாம் சத்தமில்லாத காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடுவது நான்தான். படத்தை நிறுத்திவிட்டு, விசிறி ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். ஓடத்தான் செய்கிறது. அப்படியும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.